அரைவயிற்று எலியின் ஆயுட்கணக்கு

சென்ற கார்த்திகைத் திங்களில் ஒரு நாள் காலை, நம் சங்கத்து நூலகத்திற்கு நாள்தவறாமல் வருகின்ற பெரியவர் ஒருவர், செய்தித்தாள் மேசையருகே நின்றவாறே தலைசுற்றிச் சாய்ந்துவிட்டார். அருகிலிருந்த இளைஞர் இருவர் தாங்கிப் பிடித்திராவிட்டால் மேசையின் விளிம்பில் தலை மோதியிருக்கும். முகமெல்லாம் வியர்வை, கைகளில் நடுக்கம், கேட்ட கேள்விக்கு விடை குழறலாக வந்தது. அங்கிருந்தவர்களுள் ஒருவர் நிலைமையை உணர்ந்து, எதிர்த் தேநீர்க் கடையிலிருந்து சர்க்கரை கரைத்த தண்ணீரை வரவழைத்து மெல்லப் பருகச் செய்தார். கால் மணி நேரத்தில் பெரியவர் தெளிந்தார்.

தெளிந்த பின்னர்தான் செய்தி வெளியாயிற்று. மூன்று வாரங்களாக அவர் இரவு உணவை அறவே நிறுத்தியிருந்தார். காலையிலும் ஒரு குவளைக் காப்பியோடு சரி. சர்க்கரை நோய்க்கான மாத்திரையை மட்டும் வழக்கம் தவறாமல் விழுங்கி வந்தார். இத்தனைக்கும் காரணம், அவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ஒரு செய்தித்தாள் துணுக்கு. குறைவாக உண்ட எலிகள், வேண்டிய மட்டும் உண்ட எலிகளைக் காட்டிலும் நெடுநாள் வாழ்ந்தன என்பது அதன் சாரம். மறுநாள் நலம் விசாரிக்க நான் அவர் இல்லத்திற்குச் சென்றேன். அவருடைய துணைவியார் காப்பியை என் முன் வைத்துவிட்டு, “ஏன் தம்பி, அந்த எலியும் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் பட்டினி கிடந்ததா?” என்று கேட்டார்.

அம்மையாரின் கேள்விக்கு நேர்மையான விடை தேடுவதே இத்திங்கள் ‘உடலும் உணவும்’ பகுதியின் வேலை. துணுக்கில் வந்த செய்தி பொய்யன்று. நூறாண்டுக்கும் மேலாகப் பல ஆராய்ச்சிச் சாலைகளில் மீண்டும் மீண்டும் செய்து பார்க்கப்பட்ட சோதனை அது. ஆனால் பத்து வரிகளுக்குள் அடங்காமற்போன செய்தி மிகுதியாக உண்டு. பெரியவரைச் சாய்த்தது அந்த மிகுதிதான்.

எலியைக் கொண்டு உணவை ஆராயும் முறை தமிழ் நிலத்திற்கு அயலானதன்று. நீலகிரியில் குன்னூரில், இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ராபர்ட் மக்காரிசன் என்பவர் இத்துறையில் பெரும்பணி செய்தார். 1918-ஆம் ஆண்டில் பெரிபெரி நோயை ஆராயவென்று தொடங்கிய அந்தச் சிறு கூடமே பின்னர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிச் சாலையாக வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்திற்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் விளங்குகிறது. 1920-களில் மக்காரிசன், இந்தியாவின் பல்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவு வகைகளைத் தனித்தனிக் கூட்டத்து எலிகளுக்கு அளித்து எடை பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி ஆகியவற்றைக் கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரியாக 235 கிராம் எடை பெற்றன. தீட்டிய அரிசிச் சோற்றை முதன்மையாகவும் பாலை மிகச் சொற்பமாகவும் கொண்ட சென்னை மாகாணத்து உணவை உண்டவையோ 155 கிராமோடு நின்றுவிட்டன. ஏழு கூட்டங்களில் அதுவே கடைசி. தில்லிக்கு வந்த புதிதில் அண்டை வீட்டுப் பஞ்சாபிப் பிள்ளைகளையும் தம் பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துப் பெருமூச்செறிந்த நம் தாய்மாருக்கு இம்முடிவு வியப்பளித்திராது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அக்காலத்து உணவியலார் பெரும்பாலோருக்கு வளர்ச்சியே நலத்தின் அளவுகோலாக இருந்தது. எந்த உணவு எலியை விரைவில் பெரிதாக்குகிறதோ அதுவே சிறந்த உணவு. அவ்வெலி எத்தனை நாள் வாழ்ந்தது என்று கடைசிவரை காத்திருந்து எண்ணியவர் அரியர். எலி ஏறத்தாழ இரண்டு மூன்று ஆண்டுகள் வாழும் பிராணி. அத்தனை காலம் நூற்றுக்கணக்கில் அவற்றைக் கூண்டில் வைத்துச் சோறிட்டுக் காப்பதற்குப் பொறுமையும் வேண்டும், பணமும் வேண்டும். 1917-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறிஞர்களான ஆஸ்பார்னும் மெண்டலும், உணவுக் குறைவால் வளர்ச்சி தடைப்பட்ட எலிகள் வழக்கத்திற்கு மாறாக முதிர்ந்த வயதிலும் குட்டி ஈன்றதையும் நீடித்து வாழ்ந்ததையும் எழுதி வைத்தார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் அன்று மிகச் சிலரே.

அந்தச் சிலருள் ஒருவர் கிளைவ் மக்கே. நியூயார்க் மாநிலத்தில் இதாகா நகரத்துக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விலங்குகளின் உணவைப் பற்றி ஆராய்ந்தவர். எலிக்கு வருமுன் அவர் டிரவுட் என்னும் மீனை வளர்த்துச் சோதித்திருந்தார். புரதம் குறைந்த இரையால் வளராது நின்ற மீன்கள், நன்கு வளர்ந்த மீன்களைவிட நெடுநாள் உயிரோடிருக்கக் கண்டு அவருக்கு ஓர் ஐயம் பிறந்தது. விரைவாக வளர்வதும் நெடிது வாழ்வதும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவையோ என்பதே அந்த ஐயம். அதைத் தீர்த்துக்கொள்ள மேரி குரோவெல், லெனார்டு மேனார்டு என்பவர்களோடு சேர்ந்து 106 வெள்ளை எலிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார். முதற் கூட்டத்திற்கு வேண்டிய மட்டும் உணவு. இரண்டாம் கூட்டத்திற்குத் தாய்ப்பால் மறந்த நாள் முதலே அளந்த உணவு. மூன்றாம் கூட்டத்திற்கு இரண்டு வாரம் விருப்பம்போல் உண்ண விட்டு, அதன்பின் அளந்த உணவு.

முடிவு 1935-இல் வெளிவந்தது. வேண்டிய மட்டும் உண்ட ஆண் எலிகளின் சராசரி ஆயுள் 483 நாள். இரண்டாம் கூட்டத்து ஆண் எலிகளுக்கு 820 நாள். மூன்றாம் கூட்டத்தவைக்கு 894 நாள். ஏறத்தாழ இரட்டை ஆயுள் என்றே சொல்லலாம். உலகம் இன்றளவும் எடுத்துச் சொல்லும் கணக்கு இதுதான். ஆனால் அதே ஆராய்ச்சியில் பெண் எலிகளும் இருந்தன. அவற்றின் சராசரி முறையே 801, 775, 826 நாள். அதாவது பெண் எலிகளிடம் குறைவுணவால் பெரிய வேறுபாடு எதுவும் தோன்றவில்லை. துணுக்கு எழுதுவோர் இந்தப் பெண் எலிகளைத் தொடுவதே இல்லை! பிற்காலத்துச் சோதனைகளில் பெண் எலிகளுக்கும் ஆயுள் நீண்டது உண்மையே. ஆயினும் முதற் சோதனை தந்த விடையே இருவிதமாக இருந்தது என்பதை மறைப்பானேன்?

இனி, அந்த அளந்த உணவு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். கதையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. குன்னூரில் சென்னை உணவை உண்ட எலியும் சிறுத்தது. இதாகாவில் அளந்து உண்ட எலியும் சிறுத்தது. குறைபாடுள்ள உணவுகளை உண்ட எலிகளிடம் மக்காரிசன் குடல், நுரையீரல், சிறுநீர்ப்பை எனப் பலவிடங்களில் நோய்களைக் கண்டார். மக்கேயின் எலிகளோ, முழுவயிறு உண்ட தம் உடன்பிறப்புகள் மடிந்த பின்னும் பளபளக்கும் மயிரோடு கூண்டில் உலவின. இரண்டும் மெலிந்த எலிகள்தாமே, விளைவு ஏன் மாறியது?

குன்னூர் எலிக்குக் குறைந்தது தரம். வயிறு சோற்றால் நிறைந்திருந்தது, உயிர்ச்சத்தும் நல்ல புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போதவில்லை. இதாகா எலிக்குக் குறைந்தது ஆற்றல், அதாவது கலோரி. அதன் புரதமும் உப்புக்களும் உயிர்ச்சத்துக்களும் குறையாதபடி ஆராய்ச்சியாளர் கண்ணும் கருத்துமாகக் காத்தனர். எடை ஆபத்தான அளவுக்கு இறங்கும்போது உணவைச் சிறிது கூட்டினர். 1939-இல் வெளியிட்ட அடுத்த ஆராய்ச்சியில் மக்கே இன்னும் துணிந்து சென்றார். சில எலிகளின் வளர்ச்சியை 300 நாள், சிலவற்றின் வளர்ச்சியை 500, 700, ஏன் 1,000 நாள்வரைகூட நிறுத்தி வைத்துப் பிறகு வேண்டிய மட்டும் உணவளித்தார். ஆயிரம் நாள் கழிந்த கிழ எலியும் மீண்டும் வளரத் தொடங்கிற்று. முழு அளவை மட்டும் எட்டவில்லை.

இவ்வளவு செய்தவர் உண்ணாமையைப் போற்றிய துறவி போலும் என்று எண்ணிவிடக் கூடாது. 1940-களில் நியூயார்க் மாநிலத்து மனநல மருத்துவமனைகளில் இருந்த நோயாளிகளின் உணவு மோசமாயிருப்பதைக் கண்டு, சோயா மாவும் பால் பொடியும் கோதுமை முளையும் சேர்ந்த ஒருவகை ரொட்டியை வகுத்துக் கொடுத்தவரும் இதே மக்கேதான். கார்னெல் ரொட்டி என்ற பெயரால் அது அமெரிக்க இல்லங்களில் பரவியது. எலியின் தட்டில் அளவைக் குறைத்த கைதான் ஏழை நோயாளியின் தட்டில் தரத்தைக் கூட்டிற்று.

பிற்காலத்தில் சுண்டெலிகளைக் கொண்டு செய்த சோதனைகள் கணக்கை இன்னும் துல்லியமாக்கின. கலிபோர்னியாவில் ராய் வால்ஃபோர்டு, ரிச்சர்டு வைன்ட்ருக் ஆகியோரின் குழுவினர் 1986-இல் வெளியிட்ட முடிவு இன்றும் மேற்கோளாக விளங்குகிறது. விருப்பம்போல் உண்ட பெண் சுண்டெலிகள் சராசரி 27.4 மாதம் வாழ்ந்தன. வாரத்திற்கு 85 கலோரி பெற்றவை 32.7 மாதம், 50 கலோரி பெற்றவை 42.3 மாதம்; 40 கலோரி மட்டும் பெற்றவை 45.1 மாதம். ஒரு தேக்கரண்டி நெய்யில் அடங்கிய ஆற்றல் அந்தக் கடைசிக் கூட்டத்துச் சுண்டெலிக்கு ஒரு வாரம் முழுவதற்கும் போதும் என்றால் அளவின் சிறுமை நமக்கு விளங்கும். இங்கும் உணவு குறையக் குறையப் புரதமும் உயிர்ச்சத்தும் செறிவாக்கப்பட்டிருந்தன. புற்றுநோயும் தள்ளிப்போயிற்று, சிக்காகோவில் ஆல்பர்ட் டானன்பாம் 1940-களிலேயே இதைச் சுண்டெலிகளிடம் கண்டிருந்தார்.

உடலுக்குள் நிகழ்வது என்ன என்பது நீண்ட ஆராய்ச்சி. சுருங்கச் சொன்னால், உணவு மிகும்போது உடல் வளர்ச்சியிலும் பெருக்கத்திலும் முனைகிறது. இன்சுலினும் அதையொத்த வளர்ச்சிச் சுரப்பும் அதற்குத் தூதுவர். உணவு குறையும்போது அத்தூது மங்குகிறது. உயிரணுக்கள் தம்முள் பழுதுற்ற பகுதிகளைத் தாமே சிதைத்து மீண்டும் பயன்படுத்திக்கொள்கின்றன. வீட்டில் புதுப் பாத்திரம் வாங்கக் காசில்லாத மாதத்தில் பழைய பாத்திரங்களுக்கு ஈயம் பூசிக்கொள்வதைப் போன்றது இது. அதே சமயம் உடலின் வெப்பம் தாழ்கிறது, இனப்பெருக்கம் நின்றுபோகிறது. அந்நெடிய ஆயுளை எலி இலவசமாகப் பெறவில்லை.

இந்த இடத்தில் நம் மேடைகளில் ஒரு குரல் எழும் என்பதை அறிவேன். வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் இதைத்தான் அன்றே சொல்லிவிட்டார் என்று முழங்குவோர் உளர். அந்த அதிகாரத்தில் பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியது என்பது சரியே. ஆனால் முன் உண்டது செரித்ததை அறிந்து, பசித்த பின் அளவாக உண்ணச் சொன்னாரேயன்றி, பசியை அடக்கிக்கொண்டு வாழ்நாள் முழுதும் பாதி வயிற்றோடு இருக்க அவர் எங்கும் சொல்லவில்லை. வள்ளுவரை எலிக்கூண்டுக்குக் காவலராக்க வேண்டா.

ஆராய்ச்சியாளர்களே எழுப்பிய ஐயங்களுக்கு வருவோம். முதலாவது, முழுவயிறு உண்ணும் ஆய்வுக்கூட எலி உண்மையில் நலமுள்ள எலிதானா என்பது. ஒரு சிறு பெட்டி, ஓட இடமில்லை, தேட வேலையில்லை, கை நீட்டினால் தீனி, இரவும் பகலும். அந்த எலி பருத்து, இரத்தத்தில் சர்க்கரை ஏறி, நோயுற்றுக் கிடக்கிறது என்று 2010-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் எடுத்துக்காட்டினர். அப்படியானால் குறைவுணவு எலியின் நீண்ட ஆயுளில் ஒரு பகுதி, ஒப்பிட வைத்த எலி நோயாளியாக இருந்ததன் பயனே. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து, மாலையில் பக்கோடாவோடு தொலைக்காட்சி முன் அமர்கின்ற நம்மில் பலருக்கு அந்தப் பெட்டி எலியே நெருங்கிய உறவு. ஆகவே அவருக்கு உணவைக் குறைக்கச் சொல்வதில் பிழையில்லை. முன்பே மெலிந்திருப்பவருக்கு அதே அறிவுரை பொருந்துமா என்பதே கேள்வி.

இரண்டாவது, குலம். அதே 2010-ஆம் ஆண்டில், பிறப்பால் வேறுபட்ட 41 சுண்டெலிக் கால்வழிகளுக்கு உணவை நூற்றுக்கு நாற்பது பங்கு குறைத்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. ஆயுள் நீண்ட கால்வழிகளைக் காட்டிலும் ஆயுள் குறுகிய கால்வழிகளே மிகுதியாயிருந்தன! ஒவ்வொரு வழியிலும் எடுத்துக்கொண்ட சுண்டெலிகளின் எண்ணிக்கை சிறிது என்ற குறை அதில் உண்டு. ஆகவே மெயின் மாநிலத்து ஜாக்சன் ஆராய்ச்சிச் சாலையினர், பல குலங்கள் கலந்து பிறந்த 960 பெண் சுண்டெலிகளைக் கொண்டு பெரிய அளவில் செய்த சோதனையின் முடிவு 2024-இல் வெளியானபோது அனைவரும் ஆவலோடு நோக்கினர். விருப்பம்போல் உண்டவை சராசரி 25 மாதம் வாழ்ந்தன. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ பட்டினி கிடந்தவை 28 மாதம். ஐந்தில் ஒரு பங்கு குறைத்து உண்டவை 30 மாதம். நூற்றுக்கு நாற்பது குறைத்து உண்டவை 34 மாதம். மக்கே கண்டது மீண்டும் உறுதியாயிற்று.

ஆயினும் அச்சோதனையில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. ஒரே அளவு உண்ட கூட்டத்திற்குள்ளேயே சில சுண்டெலிகள் சில மாதங்களில் இறந்தன. சில நான்கு ஆண்டுக்கு மேலும் வாழ்ந்தன. உணவைவிடப் பிறப்பின் பங்கே பெரிதாயிருந்தது. அன்றியும், குறைவுணவிலும் தம் எடையை இழக்காமல் காத்துக்கொண்டவையே நெடிது வாழ்ந்தன. மிகுதியாக மெலிந்தவை முந்தி மடிந்தன. ஒட்டிய கன்னத்தைக் கண்டு ஆயுள் கூடுகிறது என்று மகிழ்ந்த நம் பெரியவர் இந்த ஒரு செய்தியை மட்டும் படித்திருந்தால்கூடப் போதும்.

மூன்றாவது, கூண்டின் தூய்மை. ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிக்குச் சளியில்லை, காய்ச்சலில்லை, மார்கழிப் பனியில்லை. 2005-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், குறைவாக உண்டு வந்த முதிய சுண்டெலிகளை இன்ஃபுளுயன்சா கிருமி தொற்றச் செய்தபோது, அவை வயிறார உண்ட முதிய சுண்டெலிகளைவிட மிகுதியாக மடிந்தன. நோயை எதிர்க்கச் சேமிப்பு வேண்டும். தில்லியின் குளிரையும் புகையையும் நுரையீரலில் சுமக்கும் முதியவருக்குச் சேமிப்பு இன்னும் வேண்டும்.

நான்காவது, தொடங்கும் வயது. மக்கேயின் எலிகள் குட்டிப் பருவத்தில் தொடங்கின. வைன்ட்ருக்கும் வால்ஃபோர்டும் 1982-இல் நடுவயதுச் சுண்டெலிகளுக்குப் படிப்படியாகக் குறைத்தபோதும் ஆயுள் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு நீண்டது. ஆனால் ஜெர்மனியில் கொலோன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார், 24 மாதம் நிரம்பிய கிழச் சுண்டெலிகளுக்கு உணவைக் குறைத்துப் பார்த்து 2019-இல் எழுதிய முடிவு, பயன் மிகச் சொற்பம் என்பதே. வாழ்நாளெல்லாம் வயிறார உண்ட உடல் அந்தப் பழக்கத்தை எளிதில் மறப்பதில்லை போலும்! நம் பெரியவருக்கு அகவை எழுபத்தாறு.

உண்ணும் நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். டல்லஸ் நகரத்து ஆராய்ச்சியாளர் 2022-இல் வெளியிட்ட முடிவு இது. நூற்றுக்கு முப்பது பங்கு குறைந்த உணவை இரவும் பகலும் சிறுகச் சிறுகப் பெற்ற சுண்டெலிகளுக்கு ஆயுள் பத்துப் பங்கு கூடிற்று. அதே அளவை, தாம் விழித்து உலவும் வேளையில் மட்டும் பெற்றவைக்கு முப்பத்தைந்து பங்கு கூடிற்று. சுண்டெலி இரவில் உலவுவது. ஆகவே அதற்கு இரவு, நமக்குப் பகல். இதைக் கேட்டவுடன் நம் வீடுகளில் முன்னாளில் கைம்பெண்கள் இருந்த ‘ஒருபொழுது’ நினைவுக்கு வரலாம். அதற்கு இப்போது விஞ்ஞானச் சான்று கிடைத்துவிட்டது என்று பெருமை பேச முற்படுவோரை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. அந்தப் பாட்டிமார் தட்டில் விழுந்தது அளந்து செறிவாக்கிய உணவன்று, பெரும்பாலும் எஞ்சியது. அவர்களை எவரும் கேட்டு அதை இடவுமில்லை. எலியைக் காட்டி அந்த அநீதியை மெழுக வேண்டா.

எலியிலிருந்து மனிதனுக்கு வரும் வழியில் குரங்கு நிற்கிறது. நம் மொட்டை மாடிகளில் காயும் துணியைப் பறித்தோடும் செம்முகக் குரங்கு இனத்தையே அமெரிக்காவில் இரண்டு இடங்களில் 1980-களில் இச்சோதனைக்கு எடுத்துக்கொண்டனர். விஸ்கான்சின் குழுவினர் 2009-இல், குறைவுணவு குரங்குகளை முதுமை நோய்களினின்று காத்தது என்றனர். அமெரிக்க அரசின் முதுமை ஆராய்ச்சி நிறுவனத்தார் 2012-இல், ஆயுள் நீளவில்லை என்றனர். முரண்பாட்டின் வேர் உணவிலேயே இருந்தது. விஸ்கான்சின் குரங்குகளின் தீனியில் நூற்றுக்கு 28 பங்குக்கு மேல் சர்க்கரை. மற்றையோரின் தீனியில் நான்கு பங்கும் இல்லை. இனிப்பைக் கொட்டிக் கொடுத்துவிட்டுப் பின் குறைத்தால் பயன் தெரியத்தானே செய்யும்? இரு குழுவினரும் 2017-இல் ஒன்றுகூடிக் கணக்குகளை ஒப்பிட்டு, வயது, உணவு வகை, ஆண் பெண் வேறுபாடு ஆகியவற்றைப் பொறுத்துப் பயன் மாறுகிறது என்ற முடிவுக்கு வந்தனர்.

மனிதரிடம் நடந்த சோதனைகளுள் முறையானது அமெரிக்காவில் 218 பேரைக் கொண்டு ஈராண்டு நடந்தது. உணவில் கால் பங்கைக் குறைப்பது நோக்கம். பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தும் அவர்களால் சராசரியாகக் குறைக்க முடிந்தது நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கே. இரத்த அழுத்தமும் கொழுப்பும் சீர்பட்டன. எலும்பின் அடர்த்தியும் தசையும் ஓரளவு குறைந்தன. அவர்கள் இளைஞரும் நடுவயதினரும் ஆவர். நோயாளிகள் எவரும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. முன்னர் சொன்ன வால்ஃபோர்டு தம் கொள்கையைத் தம் உடலிலேயே கடைப்பிடித்தவர். 1991 முதல் 1993 வரை அரிசோனாப் பாலைவனத்தில் மூடிய கண்ணாடி மாளிகைக்குள் எழுவரோடு வாழ்ந்து, விளைச்சல் போதாமையால் எண்மரும் குறைவாக உண்ண நேர்ந்தபோது அவர்களின் இரத்தத்தை ஆராய்ந்து எழுதினார். மனிதன் 120 ஆண்டு வாழலாம் என்று நூல் எழுதிய அவர், 2004-இல் நரம்பு நோயால் தம் 79-ஆம் வயதில் மறைந்தார். ஒரு மனிதரின் இறப்பைக் கொண்டு ஆராய்ச்சியைப் பழிப்பது முறையன்று; அவர் எழுதியதைக் கொண்டு நம் ஆயுளைக் கணக்கிடுவதும் முறையன்று.

இனி அம்மையாரின் கேள்விக்கு வருகிறேன். இல்லை அம்மா, அந்த எலிகள் மாத்திரை உண்ணவில்லை. சர்க்கரை நோய் மாத்திரைகளுள் சில, உடலில் இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. உணவு வந்தாலும் வராவிட்டாலும் அவை தம் வேலையைச் செய்யும். மாத்திரை உள்ளே சென்று சோறு செல்லாதபோது இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்கிறது. நூலகத்தில் நிகழ்ந்தது அதுவே. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோருக்கும் இதே ஆபத்து உண்டு. ஏகாதசி, சஷ்டி, ரமலான் நோன்பு, தவக்காலம் என எந்த விரதமாயினும் இருக்க விரும்பும் சர்க்கரை நோயாளர், மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுக்குமாறு முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தாமாகவே மருந்தை நிறுத்திவிடுவதும் தீது.

வீட்டிலுள்ள முதியவர் தாமாக நினையாமலே சில மாதங்களில் மெலிந்து, வேட்டியும் மோதிரமும் தளர்ந்தால் அதை ஆயுள் வளர்ச்சியாகக் கருதாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பல் இன்மை, தனிமை, மனச்சோர்வு, மறைந்திருக்கும் நோய் என்று காரணம் பலவாக இருக்கலாம். பகலில் பிள்ளைகள் அலுவலகம் சென்றபின் மேசைமேல் மூடிவைத்த சோற்றைத் தனியே உண்ணப் பிடிக்காமல் மோர் மட்டும் குடித்துப் படுத்துவிடும் தாய் தந்தையர் நம் குடியிருப்புகளில் எத்தனை பேர்! வளரும் பிள்ளைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எலிக் கணக்கு அறவே பொருந்தாது. மக்கேயின் எலிகள் குள்ளமாகவே நின்றன என்பதை மறக்கக் கூடாது.

நாற்பது ஐம்பது வயதில், தொந்தியோடும் ஏறிய இரத்த அழுத்தத்தோடும் இருப்பவர் நிலை வேறு. அவர் சோற்றில் ஒரு கரண்டியையும் காப்பியில் சர்க்கரையையும் மாலைப் பலகாரத்தையும் குறைத்து, பருப்பு, சுண்டல், கீரை, தயிர் ஆகியவற்றைக் குறைக்காமல் வைத்துக்கொள்வாராயின், எலி ஆராய்ச்சி அவருக்கு அண்டை வீட்டுக்காரரின் நல்ல யோசனை அளவுக்குப் பயன்படும். குறைப்பவர் சோற்றைக் குறைக்க வேண்டும்; நம் வீடுகளில் பெரும்பாலும் பருப்பும் காயும்தான் முதலில் குறைகின்றன.

பெரியவரின் மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றியிருக்கிறார். இரவில் இரண்டு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் பாசிப்பருப்பும் உண்பதாகக் கேள்வி. துணுக்கு இன்னமும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. சலவைக்குப் போடுமுன் அம்மையார் அதை எடுத்து வைத்துவிட்டு மறுபடியும் பையிலேயே இடுகிறாராம். இக்கட்டுரையின் அச்சுப் படியை அதனோடு சேர்த்து வைக்க ஒன்று அனுப்பியிருக்கிறேன்.